முழு மதிப்பெண் எடுத்தாலும் விட்டுப் போகிறவர்கள்

(டிராகன் ஏஜ் வரிசை, பால்டர்ஸ் கேட் 3, டிஸ்கோ எலிசியம் உள்ளிட்ட கேம்களின் முக்கியத் திருப்பங்களை இதில் உடைத்துப் பேசியிருக்கிறேன். விளையாடி முடிக்காதவர்கள் யோசித்துக்கொண்டு உள்ளே வரவும்.)

டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் (2009) கேமின் கடைசிப் பகுதியில் லாண்ட்ஸ்மீட் என்று ஒரு பிரபுக்கள் சபை கூடும். லோகெய்ன் என்ற தளபதி அங்கே தோற்றுப்போய் உங்கள் முன்னால் நிற்பான். ஆஸ்டகர் போர்க்களத்தில் தன் அரசனையும் கிரே வார்டன்களையும் சாகவிட்டுப் படையைத் திருப்பிக்கொண்டு போனவன் அவன். அவனைக் கொல்லலாம். அல்லது உயிரோடு விட்டு, அவனையே ஒரு கிரே வார்டனாக்கி உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், கிட்டத்தட்ட கேமின் தொடக்கத்திலிருந்தே கூட வந்த ஆலிஸ்டர் உங்கள் குழுவை விட்டுப் போய்விடுவான். தனக்கு அப்பா மாதிரி இருந்த டங்கன் செத்தது இந்த லோகெய்னால்தான் என்பது அவனுக்கு மறக்காது. அவனுடைய அப்ரூவல் 100-க்கு 100 இருக்கலாம். நீங்கள் அவனுடைய காதலியாகவே இருக்கலாம். அவனைக் குழுவில் நிறுத்திவைக்க ஒரு டயலாக்கும் கிடையாது.

விளையாடுகிறவர்களுக்கு இந்த இடத்தில் கோபம் வரும். இத்தனை மணி நேரம் பேசிப் பழகி, பரிசு கொடுத்து, மீட்டரை நிரப்பிவைத்ததெல்லாம் எதுக்கு? நியாயமான கேள்விதான். ஆனால் என்னைக் கேட்டால் ஒரிஜின்ஸில் ஆலிஸ்டர் முழு மனிதனாக ஆவது இந்த இடத்தில்தான். அதுவரை அவன் நன்றாக எழுதப்பட்ட, சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஒரு துணை. இங்கேதான் அவனுக்கென்று ஒரு எல்லை இருப்பது நமக்குத் தெரிகிறது.

ரோல்ப்ளேயிங் கேம்களில் 'ப்ளேயர் சாய்ஸ்' பற்றிப் பேசும்போது பெரும்பாலும் கிளைகளை எண்ணுகிறோம்: எத்தனை முடிவுகள், எத்தனை வழிகள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. ஒரு தேர்வுக்கு எடை எங்கிருந்து வருகிறது என்றால், அதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற ஒருவரிடமிருந்து வருகிறது. அந்த ஒருவருக்கு நம்மை மறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கூட்டாளிகள் மறுக்கத் தெரியாத தலையாட்டி பொம்மைகளாக இருந்தால், நாம் உலகத்தையே கொளுத்தினாலும் அது ஆளில்லாத வீட்டில் கதவைச் சாத்துகிற சத்தம் மாதிரிதான்.

மீட்டர் என்ன செய்கிறது?

முதலில் மீட்டரின் பக்க நியாயத்தைச் சொல்லிவிடணும். ஒரு கூட்டாளி நீங்கள் செய்த ஒவ்வொன்றையும் தனித்தனியாக நினைவில் வைத்துப் பேச வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் வசனம் எழுதி, குரல் பதிவு செய்து, காட்சி அமைக்க வேண்டும். எந்த நிறுவனத்துக்கும் அது கட்டுப்படியாகாது. அதனால் நூறு சின்ன விஷயங்களை ஒரே எண்ணாகச் சுருக்கிவிடுகிறார்கள். கிராமத்தைக் காப்பாற்றினால் கூட்டல், பிச்சைக்காரனை விரட்டினால் கழித்தல். எண் ஒரு அளவைத் தாண்டினால் அடுத்த உரையாடல் திறக்கும். எண் என்பது மலிவான ஞாபகசக்தி.

சிக்கல் என்னவென்றால், அந்த எண் நம் கண்ணுக்குத் தெரிந்ததும் நாம் ஆளை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். ஒரிஜின்ஸில் ஸ்டென் பேச்சு குறைந்த குனாரி வீரன். அவனுக்கு ஓவியம் பிடிக்கும் என்பது அழகான ஒரு குணச்சித்திரத் துளி. ஆனால் விளையாட்டில் அது என்னவாக மாறுகிறது? கடையில் ஓவியம் தென்பட்டால் வாங்கு, முகாமுக்குப் போ, கொடு, எண் ஏறும். மாரிகனுக்கு நகை, லெலியானாவுக்கு வழிபாட்டுச் சின்னம். ஒருத்தியின் கண் முன்னாலேயே அவளுக்குப் பிடிக்காத காரியத்தைச் செய்துவிட்டு, இரவு முகாமில் ஒரு சங்கிலியைக் கையில் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். 2010-இல் பயோவேர் பரிசுப் பொருட்களை மட்டுமே கொண்ட ஒரு கூடுதல் தொகுப்பைக் காசுக்கே விற்றது. ஏப்ரல் முட்டாள்கள் தின வேடிக்கையாகத்தான் விட்டார்கள். ஆனாலும் அந்த அமைப்பின் உள்மனசு அதில் வெளியே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் இதிலிருந்து வருகிறது. ஒரிஜின்ஸில் ஒரு நேரத்தில் மூன்று கூட்டாளிகளைத்தான் கூட்டிப்போக முடியும். கூட வராதவர்களின் மீட்டர் பெரும்பாலும் அசையாது. ஆகவே இரக்கமில்லாத வேலை இருந்தால் நல்ல மனசுக்கார வின்னை முகாமில் விட்டுவிட்டுப் போகலாம். நல்ல காரியம் செய்யப் போனால் மாரிகனைக் கழற்றிவிடலாம். தன் நாள் முழுக்கத் தனக்கு ஒத்துப்போகிறவர்களை மட்டும் கூட வைத்துக்கொண்டு அலைகிற ஆளை ஊரில் என்ன சொல்வோம்? ஆமாம்சாமிகளோடு திரிகிறவன் என்போம். கேம் நம்மைச் சத்தமில்லாமல் அப்படி ஆக்கிவிடுகிறது.

இதை ஒரிஜின்ஸை எழுதியவர்களும் உணர்ந்திருக்க வேண்டும். அதனால்தான் சில இடங்களில் மீட்டரையும் மீறிப் பேசுகிறார்கள். ஆண்ட்ராஸ்டேயின் புனிதச் சாம்பலில் டிராகன் இரத்தத்தைக் கலந்தால் கூட நிற்கிற வின் உங்கள் மேலேயே பாய்வாள். ஹேவன் கிராமத்தில் ஸ்டென் உங்கள் தலைமையையே கேள்வி கேட்டு வழிமறிப்பான். கேமை முடித்துப் பல வருஷம் கழித்தும் நினைவில் நிற்பவை இந்தக் காட்சிகள்தான். எத்தனை ஓவியம் கொடுத்தோம் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சண்டையும் உறவுதான்

2011-இல் வந்த டிராகன் ஏஜ் 2-க்குப் பல குறைகள் உண்டு. ஒரே குகையைத் திரும்பத் திரும்பக் காட்டியதை யாரும் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் கூட்டாளிகள் விஷயத்தில் அது செய்த ஒரு மாற்றத்தை இந்த வகைக் கேம்களில் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். பிடிக்கும்–பிடிக்காது என்ற கோட்டை எடுத்துவிட்டு நட்பு–போட்டி என்ற கோட்டை வைத்தது. ஒரு பக்கம் முழுக்கப் போனால் நண்பன். மறுபக்கம் முழுக்கப் போனால் உங்களோடு ஒவ்வொரு விஷயத்திலும் முட்டிமோதி, ஆனாலும் உங்களை மதிக்கிற எதிராளி. இரண்டு முனையிலும் உறவு உண்டு, இரண்டிலும் காதல்கூட உண்டு. நடுவில் நிற்பதுதான் வெறுமை.

இதன் முழு அழகும் இசபெல்லாவின் கதையில் தெரியும். இரண்டாம் பாகத்தின் முடிவில், குனாரிகள் தேடிக்கொண்டிருக்கிற புனித நூலைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடிவிடுவாள். நகரம் பற்றி எரியும்போது திரும்பி வருவாளா? அவளுடைய சொந்தக் கதையில் நீங்கள் கூட நின்றிருந்து, உறவும் போதிய அளவு அழுத்தமாக இருந்தால் வருவாள். நட்பாக இருந்தாலும் சரி, போட்டியாக இருந்தாலும் சரி. அவளைத் திட்டித் திட்டி, 'நீ செய்றது தப்பு' என்று முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டே வந்த ஹாக்குக்காகவும் அவள் வருவாள். பட்டும் படாமலும் பழகியவர்களுக்காக மட்டும் வரமாட்டாள்.

எவ்வளவு உண்மையான விஷயம், பாருங்க. இடித்துரைத்தல் என்று தமிழில் ஒரு சொல் இருக்கு. தப்புப் பண்ணும்போது முகம் பார்க்காமல் கண்டிப்பது. நட்பின் கடமைகளில் ஒன்றாகவே நம் மரபு அதை வைத்திருக்கிறது. பழைய அப்ரூவல் மீட்டரில் இடித்துரைத்தலுக்கு இடமே கிடையாது. கண்டித்தால் மைனஸ், அவ்வளவுதான். டிராகன் ஏஜ் 2-இல் மெரில் என்ற எல்ஃப் பெண் ஆபத்தான ஒரு பழைய கண்ணாடியைச் சரிசெய்யத் துடித்துக்கொண்டிருப்பாள். நட்பு வழியில் அவளை ஊக்கப்படுத்திக்கொண்டே போகலாம். போட்டி வழியில் கடைசிவரை எதிர்த்து நின்றால், அவளே அந்தக் கண்ணாடியை உடைத்துவிடுகிற இடத்துக்கு வருவாள். எது அவளுக்கு நல்லது என்று கேம் தீர்ப்புச் சொல்வதில்லை. எதிர்ப்பும் ஒருவரை மாற்றும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறது.

இதே கேமில்தான் ஆண்டர்ஸ் இருக்கிறான். ஒடுக்கப்பட்ட மந்திரவாதிகளுக்காகப் போராடுகிறவன். கடைசியில் கர்க்வால் நகரத்தின் வழிபாட்டுத் தலத்தை வெடிவைத்துத் தகர்க்கிறான். நீங்கள் அவனுக்கு உதவினாலும் தகர்ப்பான், மறுத்தாலும் தகர்ப்பான், காதலித்தாலும் தகர்ப்பான். 'அப்படின்னா என் சாய்ஸுக்கு என்ன மதிப்பு?' என்ற கேள்வி அன்றைக்கே எழுந்தது, இன்றும் ஓயவில்லை.

இதில் என் நிலை பாதிப் பாதி. ஒருவன் தன் கொள்கைக்காக எடுக்கிற முடிவை என்னுடைய டயலாக் தேர்வு மாற்றிவிட முடியாது என்பதை முழுசாக ஏற்கிறேன். என் காதல் அவனுடைய கோபத்தை அணைக்கும் தண்ணீர் கிடையாது. ஆனால் கேம் இங்கே ஒரு இடத்தில் சறுக்குகிறது. அவன் பொய்க்காரணம் சொல்லிப் பொருட்களைச் சேகரிக்கச் சொல்லும்போதே நமக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு உருப்படியாக எதுவும் செய்ய ஹாக்குக்கு வழி இல்லை. யாரிடமும் போய்ச் சொல்லித் தடுக்க முடியாது. கூட்டாளிக்குச் சுதந்திரம் கொடுத்தது சரி. அதற்காக ப்ளேயரின் கையைக் கட்டிப்போட வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் விருப்பம் இருந்து, அவை மோதினால்தான் நாடகம். வெடித்த பிறகு அவனை என்ன செய்வது என்ற முடிவை நம்மிடம் விடுகிறார்கள்: கொல்வதா, துரத்துவதா, கூடவே வைத்துக்கொள்வதா. அந்த ஒரு காட்சியில் இந்தச் சமநிலை திரும்பக் கிடைக்கிறது.

வருத்தம் என்னவென்றால், 2014-இல் வந்த டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன் போட்டிக் கோட்டைக் கைவிட்டுப் பழைய அப்ரூவலுக்கே போய்விட்டது. எண்ணை மட்டும் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்தது. ஆனால் அதிலும் ஒரு அருமையான விதிவிலக்கு உண்டு. அயர்ன் புல் என்ற கூலிப்படைத் தலைவன் உண்மையில் குனாரிகளின் உளவாளி. அதை அவனே முதலிலேயே சொல்லிவிடுவான். ஒரு கட்டத்தில் அவனுடைய கூலிப்படைத் தோழர்களைக் காப்பாற்றுவதா, குனாரிக் கப்பலைக் காப்பாற்றுவதா என்று உங்களிடம் வந்து நிற்பான். கப்பல்தான் முக்கியம் என்று சொன்னால் தோழர்கள் சாவார்கள். புல் ஒன்றும் சொல்லாமல் உங்களோடு தொடர்வான். 2015-இல் வந்த ட்ரெஸ்பாஸர் என்ற கூடுதல் கதையில், குனாரிகளின் கட்டளை வந்ததும் உங்களுக்கு எதிராகவே ஆயுதம் எடுப்பான். காதலியாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. யோசித்துப் பார்த்தால் நீங்கள் சொன்னதைத்தான் அவன் செய்கிறான். மனிதர்களைவிடக் கடமை பெரிசு என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான்.

இவர்கள் ஏன் நம் பின்னால் வருகிறார்கள்?

கூட்டாளிகள் உள்ள கேம்களில் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. ஒரு கொலைகாரன், ஒரு இளவரசன், ஒரு திருடி, எல்லாரும் எதற்காக இந்த ஒரே ஆளின் பின்னால் வரிசையாக நடக்கிறார்கள்? 'கேம் அப்படி' என்பதுதான் வழக்கமான பதில். க்ரிஸ் அவலோன் முதன்மை வடிவமைப்பாளராக இருந்த இரண்டு கேம்கள் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டன.

ஒன்று ப்ளேன்ஸ்கேப்: டார்மென்ட் (1999). அதில் நாயகனுக்குச் சாவு கிடையாது. செத்தால் நினைவை இழந்து எழுந்துகொள்வான். அவன் கூட வரும் டக்கான் என்ற வாள்வீரன், 'நீ சாகும்வரை உனக்குப் பணிசெய்வேன்' என்று எப்போதோ வாக்குக் கொடுத்தவன். சாகாதவனுக்கு அப்படி ஒரு வாக்குக் கொடுத்தால் அது முடிவில்லாத அடிமைத்தனம். நாயகனின் பழைய பிறவி ஒன்று வேண்டுமென்றே விரித்த வலை அது. அவன் நமக்காகச் சண்டைபோடும் ஒவ்வொரு தடவையும் நாம் ஒரு குற்றத்தின் பலனை அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். இங்கே விசுவாசம் என்பது நாம் சம்பாதித்த பரிசாக வருவதில்லை. நம் மேல் ஏறி உட்கார்ந்த கடனாக வருகிறது.

இன்னொன்று 2004-இல் வந்த ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக் 2. இதில் அப்ரூவலுக்குப் பெயர் இன்ஃப்ளுயன்ஸ், செல்வாக்கு. பெயரிலேயே நேர்மை இருக்கு. நம் செல்வாக்கு ஏற ஏறக் கூட்டாளியின் மனச்சாய்வே மாறும். நாம் நல்வழியில் போனால் அவர்களும், தீய வழியில் போனால் அவர்களும். மற்ற கேம்கள் கண்டுகொள்ளாமல் விடுகிற இந்த விதியைக் கதையே எடுத்துப் பேசுகிறது. நாயகன் அறியாமலேயே சுற்றியிருப்பவர்களைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறான் என்றும், அது ஆபத்து என்றும் ஜெடாய் ஆசான்கள் குற்றம் சாட்டுவார்கள். நாம் ஆசையாக ஏற்றிக்கொண்டிருந்த மீட்டர் திடீரென்று நமக்கு எதிரான சாட்சியாக ஆகிவிடும்.

அதே கேமில் க்ரேயா என்ற கிழவி நாம் எதைச் செய்தாலும் குறை சொல்வாள். நார் ஷடாவில் ஒரு பிச்சைக்காரனுக்குக் காசு கொடுத்தால், அந்தக் காசுக்காகவே வேறொருவன் அவனை அடித்துப் பிடுங்குவதைக் காட்டுவாள். கொடுக்காமல் துரத்தினால், அந்த ஆத்திரத்தில் அவன் இன்னொருவனை அடிப்பதைக் காட்டுவாள். சரியான விடை என்று ஒன்றும் இல்லை. அவள் ப்ளேயரிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எதுக்காகக் கொடுத்தாய்? அவனுக்காகவா, உனக்காகவா? இத்தனை எரிச்சலூட்டுகிற கூட்டாளியை வேறெங்கும் பார்த்ததில்லை. அவளை மறக்கவும் முடியவில்லை.

கேட்டதைக் கொடுப்பது அன்பா?

2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3-இல் திரையின் ஓரத்தில் 'இன்னாருக்கு இது பிடித்திருக்கிறது' என்று ஒரு வரி வந்து போகும். ஒரிஜின்ஸின் மீட்டருக்கு நேர் வாரிசு. ஆனால் இதன் சிறந்த கதைகள் அந்த மீட்டருக்கு எதிராகவே எழுதப்பட்டிருக்கின்றன.

ஆஸ்டேரியன் இருநூறு வருஷம் ஒரு வேம்பயர் எஜமானுக்கு அடிமையாக இருந்தவன். அந்த எஜமானை வீழ்த்தும் தருணத்தில், அவன் நடத்தவிருந்த சடங்கைத் தானே நடத்தி அவனுடைய வலிமையைவிடப் பெரிய வலிமையை அடையலாம் என்று ஒரு வாய்ப்பு வரும். விலை ஏழாயிரம் உயிர்கள். ஆஸ்டேரியன் அதைக் கெஞ்சிக் கேட்பான். கொடுத்தால் பூரித்துப்போவான். அப்புறம் அவன் பேச்சைக் கேளுங்கள். காதலிக்கிறவர்களிடம்கூட எஜமானின் குரலில், உடைமையைப் பார்ப்பதுபோலப் பேச ஆரம்பித்திருப்பான். தடுத்தால் உடைந்து அழுவான், ஆனால் மனிதனாக மிஞ்சுவான். மீட்டர் சொல்வதும் அன்பு சொல்வதும் எதிரெதிராக நிற்கிற இடம் இது. ஒருவருக்குப் பிடித்ததைச் செய்வதும் அவருக்கு நல்லதைச் செய்வதும் வேறு என்று பிள்ளை வளர்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். கேம்களுக்கு அது தெரியவே இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஷேடோஹார்ட்டின் கதை இதற்கு மறுபக்கம். தன் தேவிக்காக ஒரு கைதியை ஈட்டியால் குத்திக் கொல்ல வேண்டிய கட்டம் அவளுக்கு வரும். அதுவரை அவளுடைய நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தால், அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒதுங்கி நிற்பதுதான். முடிவு உன்னுடையது என்று விட்டுவிட்டால், அவளே ஈட்டியை வீசியெறிவாள். ப்ளேயரின் மிகச் சிறந்த தேர்வு தேர்ந்தெடுக்காமல் இருப்பது என்று ஒரு கேம் சொல்கிறது. அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

ஒரே ஒரு சாட்சி

இதையெல்லாம் மிகக் குறைந்த சாமானோடு செய்து காட்டியது டிஸ்கோ எலிசியம் (2019). படை, பட்டாளம், பரிசுப் பொருள் எதுவும் இல்லை. பெரும்பாலான நேரம் கூட இருப்பது ஒரே ஒருவர், லெஃப்டினன்ட் கிம் கிட்சுராகி. குடித்துக் குடித்து நினைவே போன, போலீஸ் பேட்ஜையும் துப்பாக்கியையும் தொலைத்த ஒரு துப்பறிவாளன் நாம். அவர் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரே சிகரெட் என்ற கட்டுப்பாட்டோடு பக்கத்தில் நடக்கிறார். நம்மைப் பற்றி அவர் நினைப்பதை உள்ளுக்குள் கேம் கணக்குவைத்திருக்கிறது. ஆனால் அந்த எண்ணை நம்மிடம் காட்டாது. ஒரு சின்ன மௌனம், ஒரு பெருமூச்சு, எப்போதாவது ஒரு அரைப் புன்னகை. அதை வைத்து நாமே ஊகிக்கணும்.

முட்டாள்தனமாக ஒரு பதில் சொல்லப்போகும்போது கிம் பார்க்கிறாரே என்று கை நின்றிருக்கிறது எனக்கு. எந்த மீட்டரும் என்னை அப்படி நிறுத்தியதில்லை. அந்நியர்கள் முன்னால் அவர் நம்மைக் கூடியவரை விட்டுக்கொடுக்க மாட்டார். தனியாக இருக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்வார். கடைசியில் நம் பழைய சகாக்கள் வந்து இந்த ஆள் இனி வேலைக்கு ஆவானா என்று தீர்மானிக்கும்போது, கிம் நமக்காகச் சாட்சி சொல்வார். நாம் நடந்துகொண்ட விதம்தான் அந்தச் சாட்சியம். அதைத் திறக்க எந்தப் பரிசுப் பொருளும் இல்லை.

'காசு கொடுத்து வாங்கிய கேம். அதிலும் ஏன் யாரோ ஒருத்தர் என்னை மறுக்கணும்? அதுக்கு நிஜ வாழ்க்கையே போதாதா?' என்று கேட்கலாம். களைத்துப்போய் வீடு திரும்புகிற இரவுகளில் அந்த வாதம் எனக்கும் புரியும். எல்லாக் கேமும் கிம்மைக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் கூட்டாளி என்று ஒருவரை வைத்து, அவருக்கு முகமும் குரலும் கடந்தகாலமும் கொடுத்துவிட்டு, நூறு மதிப்பெண்ணுக்கு மேல் அவரிடம் வேறெதுவும் இல்லை என்று ஆக்கினால், அது அந்தப் பாத்திரத்துக்கு மட்டும் செய்கிற குறையாகாது. மனிதர்கள் சரியான பொத்தானை அழுத்தினால் திறக்கிற பெட்டிகள் என்று அறுபது, எழுபது மணி நேரம் நமக்குப் பயிற்சி கொடுப்பதாகவும் ஆகும்.

எனவே ஒரு ரோல்ப்ளேயிங் கேமை எடைபோட எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்று நான் கேட்பதில்லை. கூட வருகிறவர்களில் யாரை, என்ன செய்தாலும் வாங்க முடியாது? யாருக்கு எந்த இடத்தில் 'முடியாது' என்று சொல்லத் தெரியும்? அந்தப் பட்டியலில் ஒரு பெயராவது இருந்தால் போதும், மிச்ச மணி நேரத்தையும் அந்தக் கேமுக்குக் கொடுக்கத் தயார்.